ஆளுக்கு ஒரு கடலை

ஜனக்புரியில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் ஸ்வாதி, பாட்டும் மதுவுமாக உல்லாசப் படகு விடும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் மாடிக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். படகில் வருகிறவர்களுக்குக் கொடுக்கப் போகும் துண்டுப் பிரசுரமாம்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல யமுனால பார்ட்டி போட் ஓட்டினீங்கன்னு அம்மா சொன்னா. கெஸ்ட் என்னல்லாம் எதிர்பார்க்கலாம்னு ஒரு பத்து பாயின்ட் சொல்லுங்களேன். ஜல்தி எல்லாம் இல்ல, சண்டேக்குள்ள குடுத்தா போதும்."

பத்துப் பாயின்ட்டை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் காகிதத்தைப் படித்ததும் பழைய நினைப்பெல்லாம் கிளம்பிவிட்டது. உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஸ்வாதிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் அம்மா படித்துச் சொல்லட்டும்.

என் பெயர் சேவியர். தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் விசைப்படகில் எடுபிடியாகச் சேர்ந்து, சுக்கான் பிடிக்கக் கற்று, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க ஏழு வருஷம் ஆனது. அந்த ஏழு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறையத் திட்டு வாங்கினேன், கொஞ்சம் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் தில்லியில் ஒரு அரசு நிறுவனம் யமுனையில் சுற்றுலாப் படகு விடப் போகிறது, ஓட்டத் தெரிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. மனு போட்டேன். வேலை கிடைத்து, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அக்கம்பக்கத்துத் தமிழர்கள் எல்லாரும் செக்ரடேரியட்டில் ஃபைல் பார்க்கிறவர்கள். "தில்லியில் கடலே கிடையாதே, உமக்கு என்னய்யா உத்தியோகம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். என் மனைவியிடம் கேட்டால், "அவர் ஆபீஸ் மிதக்குது" என்பாள்.

அந்த ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்வாதி காட்டிய படத்தில் இருப்பதுபோல் கண்ணாடி வைத்த கப்பல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ராணுவம் கழித்துப் போட்ட இரண்டு நீண்ட இரும்பு மிதவைகள். அவற்றின் மேல் பலகைத் தளம். சுற்றிலும் இடுப்புயரக் கம்பி. மேலே கல்யாண வீடுகளில் கட்டும் ஷாமியானாத் துணிப்பந்தல். பின்னால் ஒரு டீசல் என்ஜின், அதைக் கட்டி மேய்க்க ராம்பல் என்று ஒருவர். ஓக்லா தடுப்பணைக்கு மேலே, ஆறு அகன்று தேங்கி நிற்கும் இடத்தில் எங்கள் படகுத்துறை. சாதாரண நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வெளியூர்ப் பயணிகளையும் ஏற்றிச் சுற்றிக் காட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் விருந்துக்கு வாடகைக்கு விடுவோம். பிறந்தநாள், பதவி உயர்வு, பணி ஓய்வு, எதுவானாலும் சரி. பாட்டுக்கு ஒரு குழு, பக்கோடாவுக்கு ஒரு சமையல்காரர், அனுமதிச் சீட்டு வாங்கி வந்தால் மதுவும் உண்டு.

இனி ஸ்வாதி கேட்டதற்கு வருகிறேன். இப்படிப்பட்ட பயணத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

முதல் அரைமணி நேரம் எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஆபீசில் உட்காரும் வரிசையிலேயே படகிலும் உட்காருவார்கள். பெண்கள் முன்பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு, இந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா என்று பேசுவார்கள். பாட்டுக் குழு மெதுவான பழைய பாட்டு ஒன்றை வாசிக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு ஒருவர் எழுந்து, பாட்டு என்றால் இதுவா என்பார். வேகமான பாட்டு வரும். எழுந்தவர் ஆடுவார். அவரைப் பார்த்துக் கை தட்ட இன்னும் பத்துப் பேர் வருவார்கள். மேலதிகாரியும் ஆட வந்துவிட்டால் தீர்ந்தது, மொத்த இலாகாவும் அங்கே வந்து நின்றுவிடும். படகு அந்தப் பக்கம் சாயத் தொடங்கும்.

ஆற்றில் புயல் கிடையாது. எங்களுக்குப் புயல் இந்த ஆட்டம்தான். அதைச் சமாளிக்கும் முறைகளை எல்லாம் வகுத்தவர் எங்கள் மேலாளர் சாவ்லா சாஹிப். ராணுவத்தில், ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலம் போடும் பிரிவில் இருந்து வந்தவர். நெடுநெடுவென்று ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். திட்டு வாங்குகிறவன் குனிந்து நிற்பதுபோல் அதுவே ஆகிவிடும்.

பாட்டுக் குழு இடது பக்கம், மது மேஜை வலது பக்கம், பக்கோடா பின்னால், பெண்களுக்கு நாற்காலி முன்னால். ஆட்டத்துக்குப் போகும் கூட்டத்தை மது மேஜை தன் பக்கம் இழுக்கும். அதையும் மீறிச் சாய்ந்தால் நான் தோளில் போட்டிருக்கும் சிவப்புத் துண்டை எடுத்துச் சுக்கானில் கட்டுவேன். குழுவின் தலைவர் அக்கார்டியன் வாசிக்கும் பிரேம் மாஸ்டர். துண்டைப் பார்த்ததும் வேகப் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சோகப் பாட்டுக்குத் தாவுவார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். படகு நிமிரும். விருந்தாளிகள் யாருக்கும் இந்த ரகசியம் தெரியாது.

சாவ்லா சாஹிபின் இன்னொரு முறை கடலை. ஒரு பழைய புகையிலை டப்பாவில் நாற்பது வறுத்த கொண்டைக்கடலை வைத்திருந்தார். தோலோடு வறுத்தது, உப்புப் போடாதது. படகு தாங்கும் ஆள் நாற்பது. பயணத்துக்கு முன் நாற்பதையும் எண்ணிக் கோட்டின் வலது பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து படகுக்குப் போட்ட பலகையில் ஒருவர் கால் வைத்து ஏறினால் ஒரு கடலை இடது பைக்குப் போகும். விருந்தாளியா, பக்கோடா போடுகிறவரா, குழந்தையா என்ற பேச்சே கிடையாது. ஆளுக்கு ஒன்று. வலது பை காலியானால் பலகையை எடுத்துவிட வேண்டும், மந்திரியே வந்தாலும் கரையில்தான். ஏறாமல் மிஞ்சிய கடலை டப்பாவுக்குத் திரும்பிவிடும். படகு கரைக்கு வந்ததும் இறங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் இடது பையிலிருந்து ஒன்று வலது பைக்கு வரும். எண்ணுகிறவன் மட்டும் கணக்கில் கிடையாது. கடைசி ஆள் இறங்கும்போது இடது பை காலியாக இருக்க வேண்டும்.

"பென்சிலும் காகிதமும் வைத்துக்கொள்ளலாமே சாஹிப்" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"காகிதத்தில் பெயர் தெரிந்தவனைத்தான் எழுதுவாய்" என்றார் அவர் இந்தியில், மெதுவாக. "எனக்கு அப்படி ஒருமுறை ஒரு ஆள் விட்டுப்போனான். சமையல்காரன். அவன் பெயர் யாருடைய லிஸ்ட்டிலும் இல்லை."

அதற்குப் பிறகு கடலையைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன்.

பிரேம் மாஸ்டரின் குழுவில் டோலக் வாசித்தவன் ஏழுமலை. விழுப்புரம் பக்கம். வாரநாளில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமை டோலக். அவன் மனைவி சரோஜினி நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நல்ல விரல் அவனுக்கு. ஆனால் தண்ணீர் என்றால் பயம். ஏரியில்கூடக் கால் நனைத்தது இல்லையாம். படகில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுவான். பலகையில் கால் வைக்குமுன் என் கையையே பார்ப்பான். கடலை இடது பைக்குள் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைப்பான்.

"என்னப்பா, கடலை வேணுமா?" என்று கேட்டால், "வேணாம் சார், எனக்கு ஒண்ணு போட்டீங்களான்னு பாத்தேன்" என்பான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு அக்டோபர் ஞாயிறு. சாவ்லா சாஹிபுக்கு டைபாய்டு. மூன்று வாரமாகப் படுக்கை. படகு, துறை, டப்பா எல்லாம் என் பொறுப்பில். அன்றைக்கு ஒரு பெரிய அதிகாரியின் பணி ஓய்வு விருந்து. இலாகா பெயர் வேண்டாம். விருந்தை நடத்தியவர் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி. அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்ற தெம்பில் இருந்தவர். அவர் நாள் குறித்த பிறகுதான் ஒன்று தெரியவந்தது, அன்றைக்குத் தில்லியில் மது கூடாத நாள். அந்த வருஷங்களில் அப்படி நாட்கள் அடிக்கடி வரும். டிரை டே என்பார்கள். அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை.

அதிகாரி அசரவில்லை. இரண்டு பெட்டி பீரோடு வந்து இறங்கினார். ஆற்றின் நடுவோடு தில்லி முடிந்துவிடுகிறது, அந்தக் கரை உத்தரப் பிரதேசம், அங்கே போய்த்தான் பாட்டில் திறப்போம் என்பது அவர் வாதம். அது சரியா தவறா என்று இன்றுவரை நான் வரைபடம் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கரைப்பக்கம் முழுக்க மணல்திட்டு, நாணல் புதர், ஆழம் போதாது. நாங்கள் அங்கே போவதே கிடையாது. தினமும் காலையில் மேலே இருக்கும் அணையிலிருந்து எங்களுக்குத் தண்ணீர்க் கணக்கு டெலிபோனில் வரும். அன்றைய கணக்கில், நாலரை மணிக்கு மேல் தண்ணீர் வரும், எங்கள் இடத்தில் மூன்று அடி ஏறும் என்று இருந்தது. சொன்னேன்.

"நாலே காலுக்கே திரும்பிவிடலாம், கேப்டன்" என்றார். பிறகு என் குவார்ட்டர்ஸ் எங்கே என்று விசாரித்தார். கிட்வாய் நகர் என்றேன். "அச்சா, அச்சா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த அச்சா எனக்குப் புரிந்தது. சாவ்லா சாஹிப் இருந்திருந்தால் குரலை இறக்கி முடியாது என்றிருப்பார். நான் சரி என்றேன். அந்த இடத்தில் என் முதுகெலும்பு எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். முப்பத்தேழு கடலை இடது பையில். நடு ஆற்றைத் தாண்டியதும் கைதட்டலோடு பாட்டில்கள் திறந்தன. முதல் அரைமணி நேரம் நல்ல பிள்ளைகள் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அது ஐந்து நிமிஷம்தான். துண்டை இரண்டு முறை கட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை பிரேம் மாஸ்டரின் சோகப் பாட்டுக்கு ஓய்வு பெறும் அதிகாரியே அழுதுவிட்டார்.

மூன்றரை மணிக்கு மிதவை மணலில் ஏறி நின்றுவிட்டது. ராம்பல் என்ஜினைப் பின்னால் முடுக்கிப் பார்த்தார், அசையவில்லை. சுமையைக் குறைக்க விருந்தாளிகளில் இளவட்டம் பத்துப் பேரைத் திட்டில் இறக்கினேன். அவர்கள் பாட்டிலும் கையுமாக இறங்கி அங்கேயும் ஆடினார்கள். நான் கோட்டைக் கழற்றிச் சுக்கானுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தள்ளினேன். கூடத் தள்ள இறங்கியது இரண்டு பேர். ஒருவர் பக்கோடா சமையல்காரர். இன்னொருவன் ஏழுமலை. தண்ணீருக்குப் பயந்த ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தோளைக் கொடுத்தான்.

படகு திடுமென விடுபட்டது. எல்லாரும் கூச்சலிட்டபடி ஏறினார்கள். நான் கடைசியாகத் தொற்றி ஏறி நேரே சுக்கானுக்கு ஓடினேன். மறுபடி மணலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை. ஏறியவர்களை எண்ணவில்லை. கோட்டு ஆணியில் தொங்கியது, கடலை கோட்டில் இருந்தது, நான் நனைந்துபோய்ச் சுக்கானில் நின்றேன். எத்தனை காரணம் சொன்னாலும் எண்ணவில்லை என்பதுதான் விஷயம்.

திரும்பும் வழியில் யாரோ ஒருவர் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைப் போட்டுவிட்டார்கள். பாட்டுக் குழுவுக்கு வேலை இல்லை. டோலக் சத்தம் வரவில்லையே என்று யாருக்கும் தோன்ற வழியில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். அப்போது ஒரு தொந்தி விருந்தாளி, என் இரண்டு கையும் சுக்கானில் இருப்பதைப் பார்த்து, "லேலோ கேப்டன், நீயும் சாப்பிடு" என்று ஒரு பிடி கடலையை என் இடது பையில் திணித்துவிட்டுப் போனார். தோல் நீக்கி உப்பும் மிளகாயும் தூவிய கடலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஆற்றில் தள்ளியிருப்பேன், கணக்கில் ஒன்று குறையுமே என்றுதான் விட்டேன். ராம்பலைச் சுக்கான் பிடிக்கச் சொல்லிவிட்டு, மஞ்சளாக இருந்ததை எல்லாம் பொறுக்கி ஆற்றில் எறிந்தேன். தோலோடு இருந்தவை எங்களுடையவை, அவை பையிலேயே இருக்கட்டும்.

நாலே காலுக்குத் துறைக்கு வந்தோம். பலகை போட்டு நான் ஓரத்தில் நின்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். இடது பையிலிருந்து வலது பைக்கு. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பைக்குள் கையை விட்டேன். ஒன்று மிஞ்சியிருந்தது.

எடுத்துப் பார்த்தேன். பாதித் தோல் உரிந்து மஞ்சளாகத் தெரிந்தது. எங்கள் கடலையிலும் பழசானது சில அப்படி உரிந்திருக்கும். விருந்துக் கடலையிலும் அரைகுறையாக உரித்தது இருக்கும். எது என்று சொல்ல முடியவில்லை.

"ஒரு ஆள் குறைகிறது சாஹிப்" என்றேன் விருந்து நடத்திய அதிகாரியிடம்.

அவர் தன் பட்டியலைப் படித்தார். விருந்தாளிகள் இருபத்தெட்டுப் பேரும் கரையில் நின்றார்கள். "பார், எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு கடலையை வைத்துக்கொண்டு என்னைப் பயமுறுத்துகிறாயா? அது விருந்தாளி உன் பையில் போட்ட கடலை. காரெல்லாம் காத்திருக்கிறது. முடித்துக்கொள்."

முடித்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. மது கூடாத நாளில், போகக் கூடாத கரைக்கு, நான் படகை ஓட்டியிருக்கிறேன். ஆள் குறைகிறது என்று ஒரு வார்த்தை எழுதினால் எல்லாம் வெளியே வரும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். இது விருந்துக் கடலை என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரி. வலது பையில் விழுந்ததை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும், அதனாலேயே எண்ணவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அதை வாயில் போட்டேன். தின்றுவிட்டால் கேள்வியே இல்லையே.

நாக்கில் உப்பு இல்லை. மிளகாய் இல்லை. புகையிலை மணத்தது.

கையில் துப்பினேன். எத்தனை வருஷமாக அந்த டப்பாவில் ஊறிய கடலை. அந்த மணம் உள்ள கடலை தில்லியில் வேறு எங்கும் கிடையாது. என் உள்ளங்கையில் எச்சிலோடு கிடந்தது ஒரு ஆள். அது யார் என்று மட்டும்தான் தெரியவில்லை.

துறையைச் சுற்றிப் பார்த்தேன். பிரேம் மாஸ்டர் முதுகில் அக்கார்டியன் பெட்டியோடு நடந்துகொண்டிருந்தார். கக்கத்தில் ஒரு டோலக்.

"மாஸ்டர், டோலக்காரன் எங்கே?"

"முன்னாலேயே இறங்கிப் போயிருப்பான். இதை மறந்துவிட்டான், நாளைக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன்" என்றார். சொல்லி முடிக்குமுன் அவர் முகம் மாறிவிட்டது. டோலக்கை மறந்துவிட்டுப் போகிறவன் இல்லை ஏழுமலை.

மணி நாலரையாகப் போகிறது. மேலே தண்ணீர் திறந்திருப்பார்கள். ராம்பலிடம் ஒரே வார்த்தை, "சலோ" என்றேன். பிரேம் மாஸ்டரும் பெட்டியோடு தாவி ஏறிவிட்டார். அதிகாரி கரையிலிருந்து என்னவோ சொன்னார், என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்கு அக்கறை இல்லை.

அந்த அரைமணி நேரம் என் ஆயுளில் பத்து வருஷத்தைத் தின்றது. படகை எவ்வளவு விரட்டினாலும் அது ஒரு கல்யாணப் பந்தல் நகருகிற வேகத்தில்தான் போகும். நடு ஆற்றிலேயே தண்ணீர் நிறம் மாறியிருந்தது. கலங்கல் வந்துவிட்டது. அந்தக் கரைப்பக்கம் போனால், நாங்கள் மாட்டிக்கொண்ட திட்டு எது என்றே தெரியவில்லை. பாதித் திட்டுகள் முழுகிவிட்டன. எல்லா நாணலும் ஒன்றுபோல நின்றது. "ஏழுமலை, ஏழுமலை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என்ஜின் சத்தம் குரலை விழுங்கியது. அதை நிறுத்தச் சொன்னேன்.

பிரேம் மாஸ்டர் அக்கார்டியனை மாட்டிக்கொண்டார். "குரலைவிட இது தூரம் போகும்" என்றார். அவர் விரல் தானாகப் போனது அந்தச் சோகப் பாட்டுக்குத்தான். காலிப் படகில், நனைந்த பலகையில் நின்றுகொண்டு அவர் வாசித்தார். நானும் ராம்பலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

வலது பக்கம், நாணலுக்குப் பின்னாலிருந்து, டிங் டிங் என்று ஒரு சத்தம். கண்ணாடியில் கல் தட்டும் சத்தம். பாட்டின் தாளத்தில் வந்தது, ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.

சிரித்தேனா அழுதேனா, ராம்பலைக் கேட்டால்தான் தெரியும். கழியை ஊன்றி ஊன்றிப் படகைத் திருப்பினோம். திட்டின் உச்சியில், இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு கையில் விருந்தாளிகள் எறிந்துவிட்டுப் போன பீர் பாட்டிலும் மறு கையில் ஒரு கல்லுமாக நின்றான் ஏழுமலை. நாங்கள் பக்கத்தில் போகும்வரை தாளத்தை நிறுத்தவில்லை. இழுத்துப் பலகையில் போட்டதும் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். பல் தந்தியடித்தது. என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றேன். பயத்தில் திட்டுதான் வந்தது.

"போட்டு விடுபட்டதும், எல்லாரும் ஏறக்கொள்ள ஒண்ணுக்குப் போனேன் சார். பொம்பளைங்க இருக்காங்களேன்னு கொஞ்சம் உள்ள தள்ளிப் போனேன். வந்து பாத்தா போட்டு போவுது. கத்துனேன், டேப்பு சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

"பயந்துட்டியா?"

"பயம்தான் சார். தண்ணி ஏறிக்கினே இருந்திச்சு. ஆனா நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஏறக்கொள்ள எனக்கு ஒரு கடலை போட்டீங்களே, பாத்தேனே. கரைக்குப் போனா ஒண்ணு மிஞ்சுமே சார். நீங்க அப்பிடியே விட்டுடுவீங்களா?"

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

துறைக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. கார்கள் எல்லாம் போய்விட்டன. பலகை போட்டேன். ஏழுமலை இறங்கினான். சட்டைப் பையில் வைத்திருந்த அந்தக் கடலையை, அவன் போர்த்தியிருந்த என் கோட்டின் வலது பையில் போட்டேன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், வழக்கமாக வேண்டாம் என்கிற ரசத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். என் மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை சாவ்லா சாஹிபின் வீட்டுக்குப் போய்ப் படுக்கைப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்க்கரைக்குப் போனது, எண்ணாமல் விட்டது, வாயில் போட்டது வரைக்கும். டப்பாவை நீட்டச் சொன்னார். விரலால் கடலைகளைக் கிளறி அந்தப் பாதித் தோல் கடலையை எடுத்துப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான் சாஹிப்."

அதைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். பிறகு, நான் குனிந்து கேட்க வேண்டிய குரலில், "படகு எங்கே தரை தொட்டாலும் எண்ணு. மணலானாலும் எண்ணு" என்றார். மூன்று மாதம் சுக்கான் பக்கம் வரக் கூடாது, துறையில் நின்று கயிறு பிடி என்றார். நடந்ததை மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். எனக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு போனது. வேலையும் குவார்ட்டர்ஸும் தப்பின. புறப்படும்போது, "சேவியர், துப்பினாயே, அதையும் எழுதியிருக்கிறேன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் படகு ஓட்டினேன். எண்பதுகளின் நடுவில் ஆற்றில் சாக்கடை நாற்றம் பொறுக்க முடியாமல் போய் விருந்துகள் குறைந்தன. படகை நிறுத்தி என்னை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கடைசிப் பயணத்தன்று பிரேம் மாஸ்டர் குழு வந்திருந்தது. சாவ்லா சாஹிப் ஓய்வு பெறும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன டப்பா என் கோட்டில் இருந்தது. எல்லாரும் இறங்கிய பிறகு ஏழுமலையை நிறுத்தி வைத்தேன். எட்டு வருஷமாக மென்று முழுங்க முடியாத விஷயத்தை அன்றைக்குச் சொன்னேன்.

"அன்னைக்கு நீ நெனச்ச மாதிரி ஆள் நான் இல்லப்பா. உன் கடலைய நான் வாயில போட்டுட்டேன். தின்னுட்டாக் கணக்கு முடிஞ்சிரும்னு போட்டேன்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். என் கோட்டுப் பையைப் பார்த்தான்.

"அந்தக் கடலை இன்னும் கீதா சார்?"

அன்றைக்கு அவன் ஏறும்போது அதைத்தான் போட்டிருந்தேன், இடது பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். தோல் முழுக்கப் போய்க் கல்லாக இறுகிக் கிடந்தது. அவன் அதை வாங்கி உருட்டிப் பார்த்தான். பிறகு தன் வாயில் போட்டுக் கடவாயில் வைத்துக் கடக்கென்று கடித்தான். முகம் அஷ்டகோணலாகப் போனது. ஆனால் துப்பவில்லை. மென்று விழுங்கினான்.

"ஐயே, பொகையில நாத்தம் தாங்கல சார்" என்று சிரித்தான். "இத எவன் சார் முழுங்குவான்? நீங்க துப்பித்தான் இருப்பீங்க."

டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பலகையில் இறங்கினான். பாதி வழியில் நின்று, பழக்கதோஷத்தில் என் கையைப் பார்த்தான். என்னிடம் அவனுக்குப் போடக் கடலை இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு அவனே கரையில் குதித்தான்.